தைவதம் நிற்காத மெட்டு

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. ஜேம்ஸ் பாண்ட் தீமில் நோட்ஸ் எல்லாம் சரியாக இருந்தும் அந்தத் திகில் வரவில்லை என்கிறாய். தப்பு நோட்ஸில் இருக்காது. உன் குழு அதற்கு வேண்டாத அலங்காரமாக நகை பூட்டுகிறது என்றுதான் தோன்றுகிறது.

பிற்காலப் பதிப்புகளை ஒதுக்கிவிட்டு 1962-ல் வந்த ‘டாக்டர் நோ’ படத்தின் பதிவையே கேளுங்கள். ஈ (E) சுரத்தை ஸட்ஜமாக வை, நம் கணக்கில் மூன்று கட்டை. அடியில் ஓடும் நான்கு சுரம்: ப, த1, த2, த1 (‘த’ தைவதம்; 1 தாழ்ந்தது, 2 உயர்ந்தது). கிடாரில் ஆறாம் கம்பி சும்மா ஒலிக்க, ஐந்தாம் கம்பியில் 2, 3, 4, 3 என்று ஃப்ரெட் பிடித்தால் போதும். தைவதம் ஒரு படி ஏறும், நிற்பதற்குள் இறங்கிவிடும். த2-வை உச்சம் என்று நினைத்து உரக்க அடித்தால் அது வந்து சேர்ந்த இடம்போல ஆகிவிடுகிறது. நான்கும் ஒரே பலத்தில் இருக்கட்டும்.

இனி மெட்டு. ஸ ரிரி ரி ரி, ஸ ஸ ஸ. அடுத்து ஸ கக க க, ரி ரி ரி. ரிஷபம் ரி2, காந்தாரம் க2 மட்டும்தான். ஆறாம் கம்பியில் 0, 2, 3 தாண்டி விரல் போகவே வேண்டாம். இரட்டையாக வரும் சுரங்கள் அரை மாத்திரை, அதே வரிசையில் கடைசியாக வருவது இரண்டு மாத்திரை, மற்றதெல்லாம் ஒன்று. கூட்டிப் பார், எட்டு வரும். பிறகு நி3, நி2, ப, ம1, ப என்று இறங்கி, பஞ்சமத்தில் தொங்கி நிற்கும்.

இப்போது மேளக் கணக்கு, அதாவது தாய் ராகங்களின் வரிசைக் கணக்கு, போட்டுப் பார். இரண்டு தைவதம், இரண்டு நிஷாதம். கீழ்ப்பாதி (ஸ, ரி, க, ம) மாறாமலே இருக்க, மேல்பாதி 20-ஆம் மேளம் நடபைரவி முதல் கீரவாணி, கரகரப்பிரியா வழியாக 23-ஆம் மேளம் கௌரிமனோகரி வரை நான்கையும் தொட்டுவிட்டு, எதிலும் குடியேறாமல் போகிறது. ஆள் யாரென்று தெரியாத உணர்வு அங்கிருந்துதான் வருகிறது. உங்கள் வயலின்காரர் காந்தாரத்தை அசைத்தால் ராகம் பிறந்துவிடும், உளவாளி செத்துவிடுவான். கமகம் கூடவே கூடாது.

மெட்டு இசையமைப்பாளர் மான்டி நார்மனுடையது. எழுத்தாளர் வி. எஸ். நைபாலின் ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’ நாவலை இசைநாடகமாக்கும் முயற்சியில் சிதார் சாயலோடு அவர் போட்டு வைத்திருந்த பாட்டு அது. டிரினிடாட் இந்தியக் குடும்பத்துக் கதை. பாட்டோ, கெட்ட தும்மலோடு பிறந்தவன் பாடுவது. தும்மல் சகுனம் எங்கே போய்ச் சேர்ந்தது பார்! இழைந்து வந்த சுரங்களைத் துண்டு துண்டாக வெட்டியதும் உளவாளி வந்துவிட்டான். இசைக்கோப்பு ஜான் பேரி. மெட்டு யாருடையது என்ற சண்டை, ஒரு செய்தித்தாள்மீது நார்மன் போட்ட வழக்காக 2001-ல் லண்டன் நீதிமன்றம்வரை போய், அவருக்கு 30,000 பவுண்டு இழப்பீடு கிடைத்தது. என் கணக்கில் உடம்பு நார்மன், உடை பேரி. உடையைப் பார்த்துத்தான் ஊர் அடையாளம் சொல்கிறது.

கிடார் வாசித்தவர் விக் ஃபிளிக். கையில் இருந்தது 1939-ஆம் ஆண்டு கிளிஃபர்ட் எசெக்ஸ் பாரகான் கிடார். அதில் டி’ஆர்மண்ட் பிக்கப்பை (கம்பியின் அதிர்வை ஆம்புக்கு அனுப்பும் கருவி) பிரிட்ஜ் பக்கம் வைத்து, கம்பிக்கு நெருங்கி வர அடியில் நசுக்கிய சிகரெட் பெட்டியைச் செருகியிருந்தார். ஆம்ப் ஃபெண்டர் வைப்ரோலக்ஸ். மெட்டைக் கீழ் ஸ்தாயிக்கு இறக்கச் சொன்னவரும் அவரே. கெட்டியான பிளெக்ட்ரத்தால் தடித்த கம்பிகளை அழுத்தி அடித்து, தாளத்துக்கு மயிரிழை முன்னால் ஓடுகிறார். நீங்கள் தாளத்தோடு ஒட்டி, மெல்லிய பிளெக்ட்ரத்தால், டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் வசதி) போட்டு வாசித்தால் மிரட்டல் போய் இரைச்சல்தான் மிஞ்சும். டிஸ்டார்ஷனை அணைத்துவிடு, ரிவர்ப் (எதிரொலிப்பு) கொஞ்சம் போதும்.

டிரம்ஸ்காரரிடம் ஒன்று சொல். கிடார் பகுதி நேர் நடை; பித்தளை வாத்தியங்கள் எகிறும் நடுப்பகுதி ஸ்விங். முதலிலிருந்தே ஸ்விங் போட்டால் திருப்பம் எடுபடாது, கடைசிவரை நேராகவே அடித்தால் பேண்டு வாத்தியம்போல ஆகிவிடும்.

படத்தில் இந்தத் துண்டு காட்சியின் காலடியைப் பின்தொடர்வதில்லை என்பதையும் கவனி. பாண்ட் சிலந்தியைச் செருப்பால் அடிக்கும் இடத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஆர்கெஸ்ட்ராவும் ஓர் அடி போடும்; எனக்கு அது பொம்மைப்படம்போலத்தான் படுகிறது. சூதாட்ட மேசையில் அவன் தன் பெயரைச் சொல்லும்போது வரும் தீமோ எதையும் விளக்காமல் தன் பாட்டுக்கு ஓடுகிறது.

கடைசிக் கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டு): ஸ, க2, ப, நி3, ரி2. ஆறாம் கம்பி சும்மா, ஐந்தாவது ஒலிக்கக் கூடாது, நான்காவதில் 5, மூன்றிலும் இரண்டிலும் 4, முதல் கம்பியில் 2. வழக்கமான ஈ மைனரில் முடித்தால் கதவு சாத்திய மாதிரி ஆகிவிடும். காகலி நிஷாதம், அதாவது அந்த நி3, இருந்தால்தான் இடுக்கு திறந்திருக்கும். ஒரே தடவை மீட்டு, கையை எடுக்காதே, ஒலி தானாக அடங்கட்டும்.

டிரம்பெட்டுக்கு ஆள் கிடைத்தாரா? கீபோர்டில் ஒப்பேற்றப் போகிறாய் என்றால் முன்கூட்டியே எழுது. நடுப்பகுதியைச் சுருக்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்