ஆகனில் கிளை தொடங்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய திட்டத்தை அச்செடுத்து, ஆபீஸ் பழக்கத்தில் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே படித்தேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

திருச்சியில் காலேஜ் படிக்கும்போது சனிக்கிழமை தோறும் அரசுப் பள்ளிகளுக்குப் போய் நீங்கள் செய்துகாட்டிய அதே அறிவியல் சோதனைகள், அதே மாணவர் அமைப்பு, இப்போது ஜெர்மனியில். அக்டோபரில் ஆகனிலும் டிரெஸ்டனிலும் ஒரே நாளில் இரண்டு கிளைகள். எனக்குப் பெருமைதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் டிரெஸ்டன் எதற்கு? மேப்பை எடுத்துப் பார்த்தேன். ஆகன் மேற்கு ஓரத்தில் பெல்ஜியத்தையும் நெதர்லாந்தையும் ஒட்டி இருக்கிறது. டிரெஸ்டன் கிழக்குக் கோடியில், செக் நாட்டுப் பக்கம். உன் தோழி அங்கே படிக்கிறாள் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் திட்டத்தில் இல்லை. ஆகனுக்குப் பக்கத்தில் கொலோன் இருக்கிறதே. சாதாரண ரயிலில் ஒரு மணி நேரம், உன் மாணவர் பயண அட்டையே போதும். அங்கே ஒரு சனிக்கிழமை ஆள் குறைந்தால் ஆகனிலிருந்து மூன்று பேர் போய் நிற்கலாம். டிரெஸ்டனில் ஆள் குறைந்தால் வாட்ஸப்பில் வருத்தப்படலாம், அவ்வளவுதான்.

அப்புறம் பதிவு விஷயம். இதில் அப்பாவுக்குக் கொஞ்சம் வாய் நீளும், பொறுத்துக்கொள்.

பணிக்காலத்தில் பெரும்பகுதி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்கங்களின் கோப்புகளோடு இருந்தவன் நான். சங்கம் பிறப்பதையும் பார்த்திருக்கிறேன், போவதையும் பார்த்திருக்கிறேன். முதல் வருஷம் தலைவர், செயலாளர், பொருளாளர், ரப்பர் ஸ்டாம்ப், லெட்டர் பேடு எல்லாம் பளபளவென்று வரும். அடுத்த வருஷம் பொதுக்குழு நடந்ததா, வரவு செலவுக் கணக்கு எங்கே என்று பார்த்தால் ஒன்றும் வந்திருக்காது. நோட்டீஸ் அனுப்பினால் "விலாசதாரர் இல்லை" என்று திரும்பி வரும். பணத்தகராறில் உடைந்தவை உண்டுதான். அதைவிட அதிகம், செயலாளருக்கு வெளியூரில் வேலை கிடைத்து, தீர்மானப் புத்தகமும் அவர் பெட்டியோடு போய்விட்ட சங்கங்கள். ஊர்க்காரர்கள் நடத்திய சங்கத்துக்கே இந்தக் கதி. மாணவர் அமைப்பில் ஆட்கள் போவது தற்செயல் இல்லை, நிச்சயம். உன் எம்.எஸ். இரண்டு வருஷம். அதில் கடைசி ஆறு மாதம் ஆய்வறிக்கை என்று ஒரு பக்கமும் திரும்ப மாட்டாய். உன் பட்டியலில் இருக்கும் எல்லோரும் உன் வகுப்புத் தோழர்கள். ஒரே ரயிலில் ஏறியவர்கள் ஒரே ஸ்டேஷனில்தான் இறங்குவீர்கள்.

ஜெர்மனியின் சிவில் சட்டம் 1900-இல் நடைமுறைக்கு வந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பை அரசாங்கமே இணையத்தில் வைத்திருக்கிறது. சங்கங்கள் பற்றிய பகுதியை ரசித்துப் படித்தேன், உன் அம்மா சிரித்தாள். நம் 1975-ஆம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டம் மாதிரியே அங்கேயும் பதிவுக்கு ஏழு பேர் வேண்டும். ஆனால் பிறகு எண்ணிக்கை மூன்றுக்குக் கீழே போனால் பதிவே போய்விடும். அங்கே பதிவாளர் அலுவலகம் என்று தனியாகக் கிடையாது. நிர்வாகிகள் கையெழுத்துக்குச் சான்று வாங்கி, உள்ளூர் நீதிமன்றத்தின் சங்கப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். வரிவிலக்கு வேண்டுமென்றால் வரி அலுவலகம் தனி. அவர்கள் முதலில் பார்ப்பது நோக்கம் என்ன என்பதை. அடுத்து, சங்கம் கலைந்தால் மிச்சப் பணமும் பொருளும் யாருக்குப் போகும் என்பதை. அது இன்னொரு பொதுநலக் காரியத்துக்குத்தான் போக வேண்டும், உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ள முடியாது, இது விதிமுறையிலேயே எழுதியிருக்க வேண்டும். உன் வரைவில் அந்த விதியே இல்லை. ஆரம்பக் கூட்டத்தில் நிறைவேற்றிவிட்டுப் பிறகு திருத்துவதைவிட, வரைவை முன்கூட்டியே வரி அலுவலகத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பது நல்லது.

இதையெல்லாம் இரண்டு ஊரிலும் தனித்தனியாகச் செய்யாதே. என்னைக் கேட்டால் முதல் வருஷம் பதிவே வேண்டாம். பல்கலைக்கழகத்தில் மாணவர் குழுவாகப் பெயர் கொடுங்கள். உட்கார ஒரு அறை கிடைத்தால் அதுவே பெரிது. பதிவு இல்லாமல் நடத்துவது சட்டத்துக்குப் புறம்பு இல்லை. ஆனால் குழுவின் பெயரில் யார் கையெழுத்துப் போட்டு ஒன்றை வாங்கினாரோ, ஒப்புக்கொண்டாரோ, அவர் தலையிலும் அந்தப் பொறுப்பு வரும். அதனால் பெரிய தொகைக்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். ஒரு வருஷம் நிலைத்து நின்றால், ஒரே சங்கமாகப் பதிவு செய்து ஆகன், கொலோன் இரண்டையும் அதன் கிளைகளாக வைத்துக்கொள்ளலாம்.

இனி, பென்சிலால் அழுத்திக் கோடு போட்ட இடம். உன் ஏழு பேரும் இந்தியர்கள். அதில் ஐந்து பேர் தமிழ்ப் பிள்ளைகள். கூடப் பொங்கல் வைக்க அருமையான கூட்டம். ஆனால் நீ போகப்போவது ஜெர்மன் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு. தலைமையாசிரியை போனில் கேட்கும் கேள்விக்கு யார் பதில் சொல்வது? எட்டு வயதுப் பிள்ளை "ஏன் தண்ணீர் கீழே விழவில்லை?" என்று கேட்டால் அவன் மொழியில் யார் விளக்குவது?

அம்மா 1991-இல் புதுக்கோட்டை அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் தொண்டராக இருந்ததை உனக்குக் கதையாகச் சொல்லியிருப்பாள். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் பெண்கள் சைக்கிள் கற்றதை எல்லோரும் சொல்வார்கள். அம்மாவோ வேறு ஒன்றைச் சொல்வாள். வெளியூர்த் தொண்டர் வந்து நடத்திய மையங்களில் அவர் வராத அன்று வகுப்பு இல்லை. அதே தெருவில் எட்டாவது படித்த பெண் நடத்திய மையத்தில் மழை பெய்தாலும் நாலு பேர் சிலேட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். உன் திட்டத்தைப் படித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வியே, "அந்த ஊர்ப் பிள்ளை யார்?" என்பதுதான்.

ஆகவே எம்.எஸ். மாணவர்களைத் தேடாதே. அக்டோபரில் புதிதாகச் சேரும் இளங்கலைப் பிள்ளைகளைப் பிடி. அவர்களுக்கு மூன்று வருஷமாவது அங்கே வேலை இருக்கிறது. நீதான் தலைவர் என்பது சரி, ஆனால் பொருளாளரும் தீர்மானப் புத்தகம் எழுதுபவரும் அந்த ஊர்ப் பிள்ளைகளாக இருக்கட்டும், ஆரம்பத்திலிருந்தே. ஏப்ரலில் அடுத்த பருவம் தொடங்கும்போது தலைமையை மாற்றிவிடு. நீ அங்கே இருக்கும்போதே மாற்றினால்தான் தடுமாறுகிறவர் உன்னிடம் வந்து கேட்க முடியும். நாள் குறிக்கும்போது அவர்கள் காலண்டரைப் பார். பிப்ரவரியில் பரீட்சை, ஆகஸ்டில் கேம்பஸ் காலி. நம் ஊர் ஜூன் மாதக் கணக்கு அங்கே உதவாது.

பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்கு அந்த நாட்டில் விரிவான நன்னடத்தைச் சான்று என்று ஒன்று கேட்பார்கள். பள்ளியோ அமைப்போ கடிதம் கொடுத்தால் நகராட்சி அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம், ஊதியமில்லாத தொண்டர்களுக்குக் கட்டணம் கிடையாது. வந்துசேர நாளாகும், இப்போதே விண்ணப்பியுங்கள். திருச்சியில் எடுத்த மாதிரி பிள்ளைகள் முகம் தெரிய போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். பெற்றோர் எழுத்தில் ஒப்புதல் தராமல் ஒரு படம் வெளியே போனாலும் பள்ளிக்கூடம் கதவைச் சாத்திவிடும்.

தொடக்க விழாவுக்கு நீ ஒதுக்கியிருக்கும் பணம் கொஞ்சம் அதிகம். குத்துவிளக்கு வேறு ஏற்றப் போகிறீர்களாம். தீ எச்சரிக்கை மணி அடித்துக் கட்டடமே காலியானால் விழா பிரமாதமாக முடியும். மாணவர்களிடம் செவ்வியல் இசையைக் கொண்டுசெல்லும் ஸ்பிக் மேக்கே இயக்கத்தை டெல்லி ஐ.ஐ.டி.யில் 1977-இல் தொடங்கிய கிரண் சேத்தைப் பற்றி அம்மா படித்துச் சொன்னாள். நியூயார்க்கில் படிக்கும்போது அங்கே துருபத் என்ற இந்துஸ்தானி இசைக் கச்சேரி கேட்டு மயங்கியவர். ஊர் திரும்பி ஆசிரியரானதும் மாணவர்களை வைத்தே அந்த இயக்கத்தை வளர்த்தார். ஆரம்பக் கச்சேரிகளுக்குக் கூட்டமே கிடையாதாம். டிக்கெட் வைக்கவில்லை, கச்சேரி நடத்துவதையும் நிறுத்தவில்லை. விழாப் பணத்தில் பாதியைச் சோதனைப் பெட்டிகள் வாங்க எடுத்துக்கொள்.

திருத்திய வரைவை ஆங்கிலத்திலாவது எனக்கு அனுப்பு. கலைப்பு விதியை முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். டிரெஸ்டன் பிள்ளையிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு, அவள் கோபித்துக்கொள்ளப் போகிறாள். ஐந்நூறு யூரோ அனுப்பவா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அது உனக்குத்தான், சங்கத்துக்கு இல்லை. சங்கத்துக்கு வேண்டுமென்றால் ரசீதோடு கேள், தருகிறேன்.

அன்புடன்,
அப்பா