தாராளவாதத்தின் விமர்சகர்களைப் பாடத்தில் மறுபடி சேருங்கள்

மதிப்பிற்குரிய அரசியல் அறிவியல் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். இளங்கலை அரசியல் கோட்பாட்டுத் தாளின் கடைசி அலகை, தனிமனித சுதந்திரத்தை முதன்மையாக வைக்கும் தாராளவாதம் மீதான விமர்சனங்களை, பாடச்சுமை என்று சொல்லி நீக்கிவிட்டீர்கள். சுமை இருப்பது உண்மைதான். ஆனால் அந்தக் கோட்பாட்டின் சிந்தனையாளர்களான லாக், மில், ரால்ஸ் எல்லாரும் அப்படியே இருக்கிறார்கள். அவர்களைக் கேள்வி கேட்டவர்களைத்தான் காணோம்.

இதன் விளைவை ஒரு விடைத்தாளில் பார்த்தேன். மில்லின் சுதந்திரக் கொள்கையை விளக்கச் சொன்ன கேள்வி. பிறருக்குத் தீங்கு வராதவரை ஒருவரைத் தடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்பதை என் மாணவி தெளிவாகவே எழுதியிருந்தாள். அப்புறம் ஒரு பத்தி. 1859இல் வந்த 'சுதந்திரம் பற்றி' (On Liberty) என்ற நூலின் முதல் அத்தியாயத்திலேயே, 'பின்தங்கிய' சமூகங்களுக்கு இந்தக் கொள்கை பொருந்தாது என்று மில் ஒதுக்கிவிடுகிறார். 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர் அவர். அப்படியென்றால் நம் முன்னோர் அந்தச் சுதந்திரத்துக்கு வெளியேதானே நின்றார்கள் என்று கேட்டிருந்தாள். பத்தி முழுக்கச் சிவப்பு மையில் குறுக்குக் கோடு. ஓரத்தில் 'பாடத்திட்டத்தில் இல்லை'. மறுமதிப்பீட்டிலும் ஒரு மதிப்பெண்கூட ஏறவில்லை. மில்லை முழுதாகப் படித்தவளுக்கு இதுதான் நடந்தது.

அந்த அலகைத் திருப்பித் தாருங்கள். தனிமனித உரிமையை உயிராக மதிக்கிறவன் நான், அதனால்தான் கேட்கிறேன். ஊர், உறவு, நம்பிக்கை எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு நீதியின் விதிகளைத் தேர்வு செய்கிற மனிதன் எங்கே இருக்கிறான் என்று 1982இல் ரால்ஸிடம் கேட்டார் அமெரிக்கச் சிந்தனையாளர் சாண்டல். மக்கள் தமக்குள் உடன்பட்டு அரசை உருவாக்கினார்கள் என்கிற சமூக ஒப்பந்தத்துக்கு அடியில் பெண்ணின் கீழ்ப்படிதல் ஒளிந்திருக்கிறது என்று 1988இல் காட்டினார் பெண்ணியச் சிந்தனையாளர் கரோல் பேட்மன். வாக்கில் சமத்துவமும் வாழ்வில் ஏற்றத்தாழ்வுமாக ஒரு முரண்பாட்டுக்குள் நுழைகிறோம் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார். சேரியிலிருந்து வந்து முதல் பெஞ்சில் உட்காரும் பிள்ளைக்கு இது எப்படி அதிகப்படிச் சுமையாகும்?

கைடில் உள்ளதை வரி மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண், சொந்தமாக ஒரு கேள்வி கேட்டால் வெட்டு. எல்லாத் தாள்களிலும் இதே கதைதான். பிள்ளைகள் வகுப்பில் வாய் திறப்பதில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் நாமே குறைப்பட்டுக்கொள்கிறோம்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வரும் கல்வியாண்டிலேயே விமர்சனங்கள் அலகை மறுபடி சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இடம் வேண்டுமென்றால், பிளஸ் டூவிலேயே படித்துவிட்டு வரும் அரசு, இறையாண்மை வரையறைகளை முதல் அலகில் குறைக்கலாம். அதுவரை, ஆதாரத்தோடு எழுதப்பட்ட விமர்சனத்துக்கு மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பில் ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
இந்தத் தாளை நடத்தும் ஓர் ஆசிரியர்