ஃபிட்டர் செய்முறைத் தேர்வு: மதிப்பெண்ணுக்கு முன் அளவை எழுதுங்கள்

மதிப்பிற்குரிய பயிற்சித் தலைமை இயக்குநரகத்தாருக்கும் தமிழ்நாடு வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையினருக்கும், வணக்கம்.

ஐ.டி.ஐ. ஃபிட்டர் பிரிவில் செய்முறைத் தேர்விலும் தொடர் மதிப்பீட்டிலும் 60 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. மற்ற பாடங்களுக்கு 33 போதும். கைவேலைக்குத் தேர்ச்சி வரம்பை இவ்வளவு உயரத்தில் வைத்தது சரிதான். அந்த 60ஐ எப்படி எண்ணுவது என்பதில்தான் குறை. பாடத்திட்டம் 60–75, 75–90, 90க்கு மேல் என மூன்று படிகள் வைத்திருக்கிறது. வேலை எவ்வளவு நேர்த்தி, எவ்வளவு உதவி தேவைப்பட்டது என்பவைதான் ஒரு படியை இன்னொன்றிலிருந்து பிரிக்கும் சொற்கள். இவற்றை வைத்து 74க்கும் 76க்கும் உள்ள வேறுபாட்டை யாராலும் காட்ட முடியாது. ஆனால் ஃபிட்டர் வேலையை மில்லிமீட்டரில் காட்டலாம்.

சதுரப் பொருத்தத்தை, அதாவது ஒரு துண்டு (ஆண்) இன்னொரு துண்டின் (பெண்) காடி எனும் பள்ளத்துக்குள் உட்காரும் வேலையை, எடுத்துக்கொள்வோம். 10 மி.மீ. கனத் தகட்டில் ஆண் துண்டு 25 மி.மீ., பெண் துண்டின் காடி 25 மி.மீ., இரண்டுக்கும் டாலரன்ஸ் (அனுமதிக்கும் அளவு வேறுபாடு) ±0.04 என்று வரைபடம் சொல்கிறது. ஒரு மாணவர் ஆணை 25.04க்கும் காடியை 24.96க்கும் அரத்தால் ராவி முடிக்கிறார். இரண்டும் வரைபடப்படி சரி. ஆனால் ஒன்றுக்குள் ஒன்று போகாது. இன்னொருவர் ஆணை 24.80 வரை தேய்த்துவிட்டு, அதற்கேற்றபடி காடியை 24.82இல் நிறுத்திக்கொள்கிறார். இரண்டுமே தவறு; ஆனாலும் அழகாக உட்காரும். பொருத்திப் பார்த்து, இடைவெளியில் ஃபீலர் கேஜ் எனும் மெல்லிய தகட்டை விட்டுப் பார்த்து மட்டும் மதிப்பெண் போட்டால் முதலாமவர் தோற்பார், இரண்டாமவர் 90 வாங்குவார். தொழிற்சாலையில் இரண்டாமவரின் துண்டு வேறொருவர் செய்த ஜோடியோடு சேராது. அங்கே அது கழிவு.

முதலாமவரின் தோல்விக்குக் காரணம் வரைபடம்தான். பொருந்த வேண்டிய துண்டுகளுக்கு இருபக்க டாலரன்ஸ் கொடுக்காதீர்கள். காடிக்கு +0.04, 0 (25 முதல் 25.04 வரை) என்றும் ஆணுக்கு 0, −0.04 (24.96 முதல் 25 வரை) என்றும் கொடுத்தால் சரியாகச் செய்தவரின் வேலை கட்டாயம் உள்ளே போகும். 25 என்ற அளவும் சங்கடமானது: 0–25 மைக்ரோமீட்டர் முடிந்து 25–50 தொடங்கும் இடம் அது. 24 என்று வைத்தால் ஒரே மைக்ரோமீட்டர் போதும்.

அளக்கும் முறையையும் எழுத்தில் நிர்ணயிக்க வேண்டும். 0.02 மி.மீ. மீச்சிற்றளவு (காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு) உள்ள வெர்னியரை வைத்து 0.04 அகல டாலரன்ஸைத் தீர்ப்பது நியாயமில்லை. ஒரு கோடு தவறினால் பாதி டாலரன்ஸ் போய்விடும். ஆணுக்கு மைக்ரோமீட்டர், காடிக்கு ஸ்லிப் கேஜ் (அடுக்கி அளக்கும் துல்லியமான எஃகுக் கட்டைகள்). 24 மி.மீ. காடிக்கு 20, 4 சேர்த்த அடுக்கு நுழைய வேண்டும். 20, 3, 1.04 சேர்த்த அடுக்கு நுழையக்கூடாது. ஒவ்வொரு அளவையும் இரு முனையிலும் நடுவிலும் எடுக்க வேண்டும். அரம் ஆடினால் நடு உயர்ந்து முனைகள் தாழும்; ஒரே இடத்தில் அளந்தால் அது தெரியாது. கோணத்துக்கு 30 நிமிடம் (அரை டிகிரி) விட்டுக்கொடுத்தால் 24 மி.மீ. நீளத்தில் மட்டுமே 0.2 மி.மீ. சரிவு வரலாம் என்பதையும் வரைபடம் போடுபவர் கணக்கில் கொள்ளட்டும்.

டாலரன்ஸுக்கு வெளியே போன அளவு எல்லாமே ஒன்றல்ல. ஆண் 24.10 என்றால் இன்னும் ராவலாம், 23.90 என்றால் துண்டு போயிற்று. காடியில் இது தலைகீழ். திருத்தக்கூடியதற்குப் பாதி மதிப்பெண், திருத்த முடியாததற்குச் சுழியம் என்று பிரித்தால், நின்று அளந்து பார்த்த மாணவருக்கு அதற்கான பலன் கிடைக்கும்.

முடிந்த துண்டை மட்டும் பார்ப்பதும் போதாது. அளவுகளைத் தொடங்கும் குறிப்பு விளிம்புகள் இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இல்லாவிட்டால், ஹைட் கேஜில் (உயரம் வைத்துக் கோடிடும் கருவியில்) போடும் கோடுகள் எல்லாமே பிசகும். அதற்குப் பிறகு எவ்வளவு கவனமாக ராவினாலும் பயனில்லை. குறிப்பு விளிம்பு, கோடிடுதல், வெட்டி எடுத்த பின் என மூன்று இடங்களில் நிறுத்திப் பார்த்து மதிப்பெண் போட்டால், தவறு எங்கே தொடங்கியது என்பது மாணவருக்கும் தெரியும்.

நாங்கள் கேட்பது ஒரு பக்கப் படிவம். வரைபட அளவு, மாணவர் தானே அளந்தது, மதிப்பீட்டாளர் அளந்தது என மூன்று கட்டங்கள். மாணவரின் அளவு மதிப்பீட்டாளரின் அளவோடு 0.02க்குள் ஒத்துப்போனால், துண்டு தவறாக இருந்தாலும் அந்த அளவீட்டுக்குத் தனி மதிப்பெண் கொடுங்கள். தன் தவறைச் சரியாக அளக்கத் தெரிந்தவர் அடுத்த துண்டைத் திருத்திக்கொள்வார். துண்டில் பெயர் வேண்டாம், எண் மட்டும் பஞ்ச் செய்யட்டும். அதையும் தகட்டின் முகத்தில் அடிக்கட்டும். விளிம்பில் அடித்தால் உலோகம் பிதுங்கி அளவு மாறிவிடும்.

படிவத்தின் நகல் ஒன்றை மாணவர் கையில் கொடுங்கள். நேர்முகத்தில் அவர் காட்டக்கூடியது அதுதான்.

இப்படிக்கு,
ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநர்கள்