கொறங்காட்டுல நான் போட்ட எட்டுக் கட்டம்

அம்மிணி,

நல்லாருக்கியா கண்ணு. நோம்பிக்கு வல்லீன்னு சொன்ன, அதோட போனே காணோம், சரி வேலையிருக்கும். உங்கொம்மாதான் பொழுதுக்கும் போனை எடுத்து எடுத்து பாத்துக்கிட்டு இருக்கறா. சத்தியமங்கலம் காட்டுல உண்ணிச்செடி எண்றீங்கன்னு தம்பி சொன்னான், எண்ற கட்டம் புதருக்கு 5 மீட்டர் சதுரமாம்ல, நம்ம புல்லுக்கு 1 மீட்டரே போதும்னு அன்னிக்கு நீ சொன்னது நெனப்பு வந்துச்சு. ஆனை நடமாடற எடம் சாமி, தனியா போகாத. நேரத்துக்கு உண்ணு.

மயிலை கன்னு போட்டிருக்குது, கெடேரி. வேற ஒண்ணும் விசேஷமில்ல.

உன்ற புல்லுக் கணக்கு ரிப்போர்ட் திரும்பி வந்துருச்சாம்ல. மாடு மேயற நம்ம கொறங்காட்டுக் கணக்கு மட்டும் ஜாஸ்தியா நிக்குதுன்னு. நீ எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்காததுதான் ரொம்ப வெசனமா இருக்குது, தெரிஞ்சுதான் கேக்காம இருக்கறயோன்னு.

வேலியோரமா ரெண்டு பக்கம் டேப்ப இழுத்துப் போட்டு, சீட்டுல என்ன ரேண்டம் நம்பர் வருதோ அங்கதான் அந்த 1 மீட்டர் சதுரச் சட்டத்த வெக்கோணும், கண்ணுக்கு புடிச்ச எடத்துல வெக்கப்படாதுப்பான்னு எத்தன தடவ சொன்ன. ஒரு தூருன்னா ஒரு செடி, பக்கக் கெளைய எண்ணப்படாது, சட்டத்து மேலயே நின்னா ரெண்டு பக்கத்துல சேத்துக்கோணும் மத்த ரெண்டு பக்கத்துல உட்டறோணும், ஒண்ணுமே இல்லாத கட்டத்துக்கும் சைபர் போட்டு கணக்குல வெக்கோணும், எல்லாம் அத்துபடி எனக்கு. நாலு பேருகிட்ட பெருமையா சொல்லியிருக்கறேன் எம்புள்ள புல்லக்கூட கணக்கா எண்ணுவான்னு.

நீ காய்ச்சல்ல படுத்த அன்னிக்கு கடைசி எட்டு கட்டத்த நானே போட்டேன்ல. சீட்டு சொன்னது தெக்கால சுக்காங்கல்லு மூலைய. அங்க ஒரு தூருகூட இல்ல. உங்க சார் வந்து பாக்கறப்ப நம்ம காட்டுல புல்லில்லைன்னு எழுதுவாங்களேன்னு, பத்து தப்படி தள்ளி நல்ல கொழுக்கட்டப்புல்லுல சட்டத்த வெச்சுட்டேன். எட்டுலயும் அப்படித்தான்.

அந்த மூலை காஞ்சதே என்னாலதான் அம்மிணி. எங்கப்பன், உங்க அப்பாரு, காட்ட மூணா பிரிச்சு, ஒண்ணுல மேய உட்டா மத்தது ரெண்டையும் படல் சாத்தி வெச்சிருப்பாரு. நான் கிளுவ வேலிய அழிச்சு ஒரே காடாக்கி, ஆட்டையும் சேத்து ஓட்டி, விதை உழுகறதுக்கு முந்தியே மொட்டையாக்குனேன். உன்ற சட்டத்துக்குள்ள அது தெரிஞ்சுரும்னு பயந்துட்டேன்.

பழைய நோட்ட எடுத்து பாத்தேன். நீ போட்ட 12 கட்டத்துல 36 தூரு, அப்ப ஒரு சதுர மீட்டருக்கு 3. என்ற எட்டுல மட்டும் 48. ரெண்டையும் சேத்து 84, இருபதால வகுத்தா 4.2, மீட்டருக்கு 1.2 ஜாஸ்தி. ஏக்கராவுக்கு பெருக்குனா 4,800க்கு மேல இல்லாத புல்ல நான் மொளைக்க வெச்சிருக்கறேன். இப்ப போயி அதே நம்பர்ல சட்டம் வெச்சு பாத்தேன், எட்டுலயும் சேத்து 16 தான், மூணு சைபரு. ஆனா மழை வேற, மாசம் வேற, இத அதுல சேக்கப்படாதுன்னு எனக்கும் தெரியும். என்றத தூக்கிரு, உன்ற 12 நெசம்.

நோட்ட போட்டோ எடுத்து தம்பி அனுப்புவான். உங்க சார் நம்பர் குடு, இது எங்கப்பன் பண்ணுனதுன்னு நீ சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கறேன். தனியா காட்டுக்குள்ள போகாத கண்ணு.

அப்பா