புள்ளி மறுபடி எழுத்தின் மேல் ஏறவேண்டும்: தட்டச்சுப்பொறி திருத்த நிதிக்கு ஒரு வேண்டுகோள்

அன்பான ஊரவர்களுக்கும் வெளிநாடுகளில் வாழும் எங்கள் உறவுகளுக்கும் வணக்கம்.

சென்ற ஆவணி மாதம் எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலைக்கு ஒரு பெட்டி வந்தது. கறுப்புத் துணி ஒட்டிய மரப்பெட்டி. தோல் கைபிடி இற்றுப்போன இடத்தில் நைலோன் கயிறு கட்டியிருந்தது. மூடியைத் தூக்கினால் நான்கு வரிசையில் தமிழ் எழுத்துகள்; ஒவ்வோர் எழுத்தும் நிக்கல் வளையத்துக்குள், சிறு கண்ணாடியின் கீழ். நெற்றியில் மங்கிய தங்க நிறத்தில் 'பிஜூ' என்ற பெயர். பிரெஞ்சு மொழியில் அதற்கு நகை என்று பொருள்.

தந்தவர் தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய தந்தையார் உறுதிப் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசிடம் எழுதுவினைஞராக இருந்தவர். ஊரில் பலருக்கு விண்ணப்பங்களும் மனுக்களும் இந்தப் பொறியில்தான் அடித்துக் கொடுத்தார். 1995 ஒக்டோபர் 30 அன்று போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்து எழுந்து நடந்தபோது, சைக்கிள் கரியரில் ஒரு பக்கம் அரிசிப் பையும் மறுபக்கம் இந்தப் பெட்டியுமாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். கயிறு அன்று கட்டியது. அதை மாற்றப் போவதில்லை என்று குழு முடிவு செய்திருக்கிறது.

அப்படித் தூக்கிச் செல்வதற்கென்றே செய்த பொறி இது. கந்தோர்களில் இருந்த பெரிய தட்டச்சுப்பொறிகளை இரண்டு பேர் பிடித்துத்தான் நகர்த்த வேண்டும். இதிலோ சட்டம் தாழ்ந்தது, நாடாச் சுருள்கள் சிறியவை, விசைத் தண்டுகள் குட்டையானவை. தாளைச் சுற்றும் உருளையை நடுவில் நிறுத்திப் பூட்டினால் மூடி அளவாக வந்து உட்காரும். செய்தவர்கள் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து சைடல் அண்ட் நௌமான் நிறுவனத்தார். தையல் இயந்திரமும் சைக்கிளும் செய்து கைபழகியவர்கள். 1910இல் 'எரிக்கா' என்ற பெயரில் அவர்கள் வெளியிட்ட சிறிய பொறியில், உருளையை முன்பக்கம் மடித்து விசைகளின் மேல் படுக்கவைத்துவிடலாம். எங்களிடம் உள்ளது அதற்குப் பிந்திய, மடியாத வகை.

ஆனால் இந்தப் பொறியை நாங்கள் இவ்வளவு போற்றுவதற்குக் காரணம் டிரெஸ்டன் இல்லை, யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளி. அங்கே 1886இல் பிறந்தவர் இராமலிங்கம் முத்தையா. 1907இல் மலாயாவுக்குப் போய், வணிக நிறுவனமொன்றில் எழுதுவினைஞராக வேலை பார்த்துக்கொண்டே தமிழுக்கு ஒரு தட்டச்சுப்பொறி வேண்டும் என்று முயன்றவர். தமக்கு வேண்டிய பொறியைச் செய்யும் வேலையை, முதலாம் உலகப் போருக்குப் பின் அந்த ஜெர்மன் நிறுவனத்திடம் அவர் ஒப்படைத்தார். கையில் எடுத்துச் செல்லும் தமிழ் 'பிஜூ' அந்த வழியில் வந்தது.

அவருக்கு முன்னிருந்த கணக்கை நினைத்துப் பாருங்கள். எழுத்து 247. விசை ஐம்பதுக்கும் குறைவு. கொம்பையும் (ெ) அரவையும் (ா) தனித்தனி விசையாக்கிவிடலாம். அவை எழுத்துக்கு முன்னும் பின்னும் தனியே நிற்பவை. புள்ளியும் விசிறியும் (ி) அப்படி நிற்கமாட்டா. அவை எழுத்தின் மேலேயே ஏறவேண்டும். ஒரு விசையைத் தட்டியதும் பொறி அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுமே, புள்ளி எங்கே போய் விழும்?

அதற்கு அவர் கண்ட வழி நகரா விசை. மற்ற எழுத்துகளின் தண்டுகள் உருளையை நோக்கி எழும்போது, உள்ளே இருக்கும் ஒரு வளைந்த சட்டத்தை முட்டித் தள்ளும். அந்தத் தள்ளலில்தான் உருளை ஓர் எழுத்தளவு நகர்கிறது. புள்ளியின் தண்டு மட்டும் அந்தச் சட்டத்தைத் தொடாமல் எழுந்து அடித்துவிட்டுத் திரும்பும். உருளை அசையாது. பிறகு 'ம' அடித்தால் அது புள்ளிக்குக் கீழே வந்து அமரும். கையால் எழுதும்போது மெய்யை எழுதிப் புள்ளி வைக்கிறோம். இங்கே புள்ளி முந்துகிறது. தலைப்பாகையை முதலில் வைத்துவிட்டு ஆளை அதன் கீழே நிறுத்துவதுபோல என்று எங்கள் குழுவில் மூத்த ஐயா ஒருவர் சொன்னார்.

எங்கள் பொறியில் இப்போது பழுதாகியிருப்பதும் அந்தத் தண்டுதான். முன்பு எப்போதோ திருத்தியவர் அதைச் சற்று வளைத்துவிட்டார். அது சட்டத்தில் உரசுகிறது. பெட்டி வந்த அன்று நான் ஒரு தாளைச் செருகி 'அம்மா' என்று அடித்தேன். 'அ' விழுந்தது. புள்ளி வெறும் வெளியில் தனியே நின்றது. இரண்டு 'ம'வும் அதற்கு அப்பால். மூன்று தரம் அடித்தும் அதே கதை. உருளையின் இறப்பரும் கல்லாக இறுகிவிட்டதால், 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி மையாகிவிடுகின்றன.

கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டினால் போதும் என்று குழுவில் சிலர் சொன்னார்கள். நீண்ட நேரம் பேசினோம். பிள்ளைகள் தட்டிப் பார்க்கவேண்டும் என்பதே முடிவாயிற்று. புள்ளி முன்னே விழ, எழுத்து வந்து அதன் கீழ் சேர்வதைத் தன் விரலால் செய்து பார்க்கும் பிள்ளைக்கு முத்தையா யார் என்று நாங்கள் தனியாகப் பாடம் நடத்தவேண்டியதில்லை. வாசிகசாலையின் யன்னலோர மேசை அதற்கென ஒதுக்கப்பட்டுவிட்டது.

மொத்தச் செலவு 190,000 ரூபா. உருளைக்குப் புதிய இறப்பர் ஏற்ற 85,000. தண்டுகளை நேராக்கி, உள்ளே கழுவி, அறுந்த இழுவை நாடாவை மாற்ற 60,000. பெட்டியின் மரவேலைக்கு 25,000. இரண்டு ஆண்டுகளுக்கான மை நாடாவுக்கும் தாளுக்கும் 20,000. குழு உறுப்பினர்கள் தங்களுக்குள் 42,000 ரூபா சேர்த்திருக்கிறோம். வேண்டியது 148,000.

நூறு ரூபாவானாலும் பற்றுச்சீட்டு உண்டு. மாலை 4 மணி முதல் 7 மணி வரை நிலையத்தில் பொருளாளரிடம் நேரில் தரலாம். வெளிநாட்டில் உள்ளவர்கள் வங்கிக் கணக்கு விவரத்தை ஊரிலுள்ள உங்கள் வீட்டார் மூலம் அவரிடமே கேட்டுப் பெறுங்கள். வரவு செலவு மாதந்தோறும் அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். தைப்பொங்கலுக்குள் தொகை சேர்ந்தால், மாசியில் வேலை தொடங்கலாம் என்று திருத்துபவர் சொல்லியிருக்கிறார். அவருக்கும் வயதாகிறது, இந்த வேலை தெரிந்த வேறொருவரை இப்பகுதியில் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

காசு தர இயலாதவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். உங்கள் வீட்டுப் பெட்டிகளில், கோயில் கணக்குக் கட்டுகளில், தமிழில் தட்டச்சு செய்த பழைய கடிதமோ மனுவோ இருந்தால் கொண்டுவந்து காட்டுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம். பழைய புள்ளி எந்த உயரத்தில் விழுந்தது என்பதைத் திருத்துபவர் அந்தத் தாள்களைப் பார்த்தே அளந்துகொள்வார்.

இப்படிக்கு,
நிர்வாகக் குழுவினர்,
சனசமூக நிலையம்