ஆண்டு விழாப் பாடல்களும் ஞாயிறு வகுப்பும்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஆண்டு விழாவில் பாடவிருக்கும் பாடல்களின் பட்டியலை வகுப்பாசிரியர்கள் சென்ற ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கொடுத்தார்கள். தனிப்பாடலுக்குப் பெயர் கொடுத்துள்ள ஒன்பது பிள்ளைகளில் ஆறு பேர் சித் ஸ்ரீராம் பாடிய திரைப்பாடல்களையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இதில் எனக்கு வியப்பேதும் இல்லை. நம் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில், ஃப்ரீமாண்டில் வளர்ந்து, இங்குள்ள பொதுப்பள்ளியில் படித்து, சென்னையில் பெயர் வாங்கிய ஒருவரை நம் பிள்ளைகள் தங்களில் ஒருவராக எண்ணுவது இயல்புதான். ஆனால், அந்தப் பட்டியல் வந்த அதே வாரத்தில் மூன்று வீடுகளிலிருந்து மூன்று மின்னஞ்சல்களும் வந்தன. பிள்ளைக்குக் குரல் நன்றாக இருக்கிறது, பாட்டு வகுப்பை வாரத்துக்கு இரண்டாக்கப் போகிறோம், ஆகவே இந்தக் கல்வியாண்டு முடியும்வரை ஞாயிறு தமிழ் வகுப்பிலிருந்து விடுப்பு வேண்டும் என்பதே மூன்றின் சாரமும். அவற்றுள் ஒன்று, 'பாடுவதற்குத் தமிழ் எழுத்து எதற்கு?' என்று நேராகவே கேட்டிருந்தது. கேட்டவர் மனம் கோணாமல் கேட்டதால் நானும் அப்படியே விடையளிக்க விரும்புகிறேன். மூவருக்குத் தனித்தனியாக எழுதுவதைவிட எல்லாருக்கும் சேர்த்தே எழுதுவது நல்லதென்று பட்டது.

அந்தப் பாடகரின் வாழ்க்கையைச் சான்றாகக் காட்டித்தான் விடுப்புக் கேட்கிறீர்கள் என்பதால் அதை முதலில் வரிசையாகப் பார்த்துவிடுவோம். அவர் 1990-இல் சென்னையில் பிறந்தவர். ஒரு வயதுக் குழந்தையாகப் பெற்றோருடன் கலிஃபோர்னியாவுக்கு வந்தார். தாயார் லதா ஸ்ரீராம் இப்பகுதியில் கர்நாடக இசை கற்பிக்கும் ஆசிரியை; பாட்டனார் ஆர். ராஜகோபாலனும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர். உடன்பிறந்த அக்கா பல்லவி பரதநாட்டியக் கலைஞர். இசை வகுப்புக்கென்று காரில் ஏறி எங்கோ போய்வந்த பிள்ளை அல்லர் அவர். இசை வகுப்பு நடந்த வீட்டிலேயே வளர்ந்த பிள்ளை. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கிருதி என்று படிப்படியாக ஏறும் அந்தப் பாடமுறையில் ஒரு படியில் நின்று சலித்துப்போகும் பருவம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். சலிப்பு வந்த நாளிலும் பக்கத்து அறையில் தம்புரா ஒலித்துக்கொண்டிருக்கிற வீடு ஒரு பிள்ளைக்கு வாய்ப்பது பெரிய பேறு.

1965-இல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு இந்நாட்டுக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பொறியியலையும் மருத்துவத்தையும் மட்டும் கொண்டுவரவில்லை. கூடத்தில் பாய் விரித்துப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் பழக்கத்தையும் கொண்டுவந்தன. கிளீவ்லாந்தில் 1978 முதல் நடந்துவரும் தியாகராஜ ஆராதனை, ஆண்டுதோறும் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் போட்டிக்குப் போகும் விழாவாக வளர்ந்ததற்கும் அந்தக் கூடங்களே காரணம். ஃப்ரீமாண்டில் வளர்ந்த ஒரு பையன் பிற்காலத்தில் சென்னையின் மார்கழி மேடைகளில் அமர்ந்து முழுக் கச்சேரி செய்கிறான் என்றால், அதன் வேர் இங்கே இருந்தது என்பதைச் சொல்லவே இதைக் குறிப்பிடுகிறேன்.

2008-இல் மிஷன் சான் ஹோசே உயர்நிலைப்பள்ளியில் படிப்பை முடித்துவிட்டுப் பாஸ்டனில் உள்ள பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனார். அங்கே அவர் படித்தது இசைத் தயாரிப்பும் ஒலிப்பதிவுப் பொறியியலும். இந்த விவரத்தைப் பலரும் கவனிப்பதில்லை. குரல் ஒலிவாங்கிக்குள் போய் எப்படி மாறி வெளியே வருகிறது என்பதை நான்கு ஆண்டுகள் பாடமாகப் படித்தவர் அவர். வீட்டில் கற்ற கர்நாடக இசையோடு, இந்நாட்டுக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல்களும் ஆர் அண்ட் பி இசையும் அந்தக் குரலுக்குள் சேர்ந்திருந்தன. தன் பாடல்களை மின்னஞ்சலில் ஏ.ஆர். ரகுமானுக்கு அனுப்பிவைத்தார். ரகுமான் இசையில் மணிரத்னம் இயக்கி 2013-இல் வெளிவந்த 'கடல்' படத்தின் 'அடியே' பாடல்தான் அவருடைய முதல் திரைப்பாடல்.

நம் வீடுகளில் இந்தக் கதை பெரும்பாலும் அந்த மின்னஞ்சலிலிருந்துதான் தொடங்குகிறது. ஒரு மின்னஞ்சல், ஒரு பாடல், உடனே புகழ் என்று பிள்ளைகளும் நம்பிவிடுகிறார்கள். அந்த மின்னஞ்சலுக்கு முன்னால் பல ஆண்டு வீட்டுப் பயிற்சி இருந்ததை நாம் விட்டுவிடுகிறோம். முதல் பாடலுக்குப் பிறகும் கதவு அகலத் திறந்துவிடவில்லை. ஷங்கரின் 'ஐ' படத்தில் வரும் 'என்னோடு நீ இருந்தால்' பாடல் அவரைப் பரவலாகக் கொண்டுசென்று, தமிழில் சிறந்த பின்னணிப் பாடகருக்கான ஃபிலிம்ஃபேர் விருதையும் பெற்றுத் தந்தது. படம் வெளியானது 2015 பொங்கலுக்கு. இடையில் கழிந்தவை இரண்டு ஆண்டுகள்.

அதன்பின் வந்த மூன்று பாடல்களைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2016-இல் ரகுமான் இசையில் 'தள்ளிப் போகாதே' வந்தது. 2017 ஜனவரியில் 'மறுவார்த்தை பேசாதே' தனிப்பாடலாக வெளியானபோது இசையமைப்பாளரின் பெயரையே மறைத்து 'மிஸ்டர் எக்ஸ்' என்று போட்டிருந்தார்கள். அவர் தர்புகா சிவா என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது. அந்தப் பாடலுக்குரிய 'எனை நோக்கி பாயும் தோட்டா' திரைக்கு வந்ததோ 2019 நவம்பரில். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் திரையில் ஒரு முகமும் இல்லாமல், குரலையும் சொல்லையும் மட்டுமே நம்பி அந்தப் பாட்டு வீடு வீடாகப் போயிற்று. அதே 2019-இன் தொடக்கத்தில் டி. இமான் இசையமைத்த 'விஸ்வாசம்' படத்தின் 'கண்ணான கண்ணே' வந்தது. தேசிய விருது இமானுக்குக் கிடைத்தது அந்தப் படத்துக்காகத்தான். அந்தப் பாட்டுக்குக் கண் கலங்காத தந்தையரை நான் நம் பள்ளி வாகன நிறுத்துமிடத்தில் இதுவரை பார்த்ததில்லை.

மூன்று பாடல்களையும் எழுதியவர் ஒருவரே: கவிஞர் தாமரை. திரைப்பாடலில் ஆங்கிலச் சொல் கலக்காமல் எழுதுவதில் உறுதியாக நிற்பவர் அவர். அப்படியென்றால், அமெரிக்காவில் வளர்ந்த ஒரு பாடகருக்குப் புகழ் சேர்த்த பாடல்கள், ஒளிந்துகொள்ள ஓர் ஆங்கிலச் சொல்கூட இல்லாத பாடல்கள். இனி அந்தத் தலைப்புகளை எழுத்துக் கூட்டிப் பாருங்கள். 'தள்ளி' என்பதில் இரண்டு ளகரம். 'மறுவார்த்தை' என்ற ஒரே சொல்லுக்குள் வல்லின றகரம், இடையின ரகரம் இரண்டும் நிற்கின்றன. 'கண்ணான கண்ணே' என்பதில் மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் மாறி மாறி வருகின்றன. இவற்றை ஆங்கில எழுத்தில் எழுதினால் ளகரமும் லகரமும் ஒன்றாகிவிடும். றகரமும் ரகரமும் ஒன்றாகிவிடும். ணகரமும் னகரமும் ஒன்றாகிவிடும்.

சென்ற வாரம் ஒத்திகையில் நடந்ததைச் சொல்கிறேன். எந்தப் பிள்ளை என்பது வேண்டாம். ஐந்தாம் நிலையில் படிக்கும் சிறுமி, சுருதி பிசகாத குரல், வயதுக்கு மீறிய நிதானம். கையில் ஒரு தாள். வீட்டில் யாரோ இணையத்திலிருந்து ஆங்கில எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு 'கன்னான கன்னே' என்று தொடங்கினாள். பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு பாட்டி, 'கன்னுக்குட்டியைக் கூப்பிடுறாளா?' என்று பக்கத்திலிருந்தவரிடம் மெல்லக் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே ஐயப்பட்டுக் கேட்டார். குழந்தையின் காதில் அது விழவில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி. இடைவேளையில் அவளை அழைத்து, கரும்பலகையில் இரண்டு சொற்களையும் எழுதி, நுனி நாக்கு எங்கே படுகிறது, எங்கே வளைந்து மேலண்ணத்தைத் தொடுகிறது என்று காட்டினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த முறை பாடியபோது 'கண்ணே' கண்ணாகவே வந்தது. ஆனால் தாளைப் பார்த்துப் பாடிய இரண்டாவது அடியில் பழையபடி வழுக்கிவிட்டாள். தாளில் இருப்பதைத்தானே நாக்கு நம்பும்?

சித் ஸ்ரீராமின் உச்சரிப்பைப் பற்றியே தமிழ்க் கேட்போரிடையிலும் தெலுங்குக் கேட்போரிடையிலும் முணுமுணுப்பு உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். நான் இசை விமர்சகர் அல்லேன், தமிழாசிரியர். ஆகவே என் காதுக்கும் சில இடங்களில் மெல்லின எழுத்துகள் நெருடியதுண்டு என்பதை மறைக்க மாட்டேன். சொல்லின் விளிம்பைக் கரைத்து ராகத்துக்குள் இழுத்துச் செல்லும் அவருடைய பாணியில் அந்த நெருடல் ஓரளவு இயல்பானது என்று சொல்வோரும் உண்டு. அதில் பாதி எனக்கும் உடன்பாடே. ஆனால் அத்தனை ஆண்டு பயின்ற, நாடறிந்த குரலிலேயே மக்கள் ஓர் எழுத்தின் பிசகைக் கண்டுபிடித்துப் பேசுகிறார்கள் என்றால், நம் பிள்ளைகளிடம் அதைக் காணாமல் விட்டுவிடுவார்கள் என்று எப்படி நம்புவது? ஒலிப்பதிவுக் கூடத்தில் காதில் ஒலிப்பான் மாட்டிக்கொண்டு வரி வரியாகப் பாடும்போது, மூச்சு விடும் ஓசையைக்கூட ஒலிவாங்கி விடாமல் பிடிக்கும். லகரமா ளகரமா என்பது அங்கே ஒளிந்துகொள்ள முடியாது.

வேற்றுமொழியில் பிறந்தவர்கள் தமிழில் பாடவில்லையா என்று கேட்கலாம். பாடினார்கள், நம்மைவிட நன்றாகவே பாடினார்கள். பி. சுசீலாவும் எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது முதன்முதலாக வழங்கப்பட்டது 1968-ஆம் ஆண்டுக்கு. அதைச் சுசீலா அம்மையார் பெற்றது 'உயர்ந்த மனிதன்' படத்தில் வரும் 'நாளை இந்த வேளை பார்த்து' என்ற தமிழ்ப்பாட்டுக்காக. அந்த முதல் அடியிலேயே இரண்டு ளகரம். 'வேளை'யை 'வேலை' ஆக்கியிருந்தால் நிலவை வரச்சொன்ன பாட்டு அலுவலகப் பாட்டாகியிருக்கும். நம் காலத்தில், கனடாவின் பிராம்ப்டனில் வளர்ந்த, வீட்டில் தமிழ் இல்லாத ஜொனிதா காந்தி தமிழில் அடுத்தடுத்துப் பாடிவருகிறார். இவர்கள் எல்லாரும் வேலை செய்தே அந்த ஒலிகளை வாங்கினார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த ஒலிகள் வீட்டுக் கூடத்திலேயே கிடைக்கின்றன. எழுத்தைச் சொல்லிக்கொடுக்க ஞாயிறுதோறும் ஒருவர் காத்திருக்கிறார். இருப்பதை விட்டுவிட்டுப் போக விடுப்புக் கேட்கிறீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். அந்தப் பாடகர் எதையும் எதற்காகவும் கைவிட்டதாகத் தெரியவில்லை. தெலுங்கில் 'புஷ்பா' படத்தின் 'ஸ்ரீவல்லி' வரை பாடினார். 2020-இல் வந்த 'வானம் கொட்டட்டும்' படத்துக்கு இசையமைத்தார். 2019-இலும் 2023-இலும் ஆங்கிலத்தில் சொந்தப் பாடல் தொகுப்புகள் வெளியிட்டார். 2024-இல் நம் மாநிலத்திலேயே நடக்கும் கோச்செல்லா இசை விழாவில் பாடினார். இவற்றினூடே கச்சேரிகளையும் விடவில்லை. ஒன்றுக்காக மற்றொன்றை வெட்டிவிடுவது அவர் போன வழி அன்று.

ஆகவே மூன்று விடுப்பு வேண்டுகோள்களையும் நான் ஏற்கவில்லை. பாட்டு வகுப்பு ஞாயிறு காலையில் மட்டுமே அமைகிறது என்ற வீட்டுக்கு மாற்று வழி உண்டு. அந்தப் பிள்ளை பிற்பகல் பிரிவில் சேரலாம். அதே நிலைக்கு அங்கே இடம் இருக்கிறது, கூடுதல் கட்டணம் இல்லை. வீட்டுப்பாடம் கூடுதலாக இருக்கிறது என்ற குறையையும் வகுப்பாசிரியரிடம் பேசியிருக்கிறேன். பாடுகின்ற பிள்ளைகள் விழா முடியும்வரை கட்டுரைப் பயிற்சிக்குப் பதிலாகத் தங்கள் பாடலையே பார்க்காமல் எழுதிக் காட்டினால் போதும்.

விழாவில் பாடும் எல்லாரும் தங்கள் பாடலைத் தமிழ் எழுத்தில், தங்கள் கையெழுத்தில், கோடு போட்ட தாளில் எழுதி வரும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பாசிரியரிடம் கொடுக்க வேண்டும். பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டாம். பிழை இருந்தால் இருக்கட்டும், நாங்கள் திருத்தித் தருகிறோம். ஆங்கில எழுத்துத் தாளோடு மேடையேற இந்த ஆண்டு அனுமதி இல்லை. முதல் இரண்டு நிலைகளில் படிக்கும் சிறு பிள்ளைகளுக்கு மட்டும் இது பொருந்தாது; அவர்கள் கேட்டே மனப்பாடம் செய்யட்டும். கரோக்கி இசையும் வேண்டாம். பின்னணி இசை ஓடினால் பிள்ளைகள் அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள், சொல் நசுங்கிவிடுகிறது. கைப்பேசியில் தம்புரா செயலி ஒன்றைப் பதிவிறக்கி, உங்கள் பிள்ளையின் சுருதி எதுவென்று பாட்டு ஆசிரியரிடம் கேட்டுக் குறித்து அனுப்புங்கள்.

ஒத்திகை பிற்பகல் இரண்டு மணிக்கு, நூலக அறையில். சென்ற வாரத்துச் சிறுமி தன் தாளை நேற்றே எழுதி முடித்துப் படமெடுத்து அனுப்பிவிட்டாள். ணகரம் வரும் இடங்களில் எல்லாம் மூன்று சுழியையும் சிவப்பு மையால் வரைந்திருக்கிறாள். ஓரிடத்தில் மட்டும் உற்சாகம் மிகுந்து நான்கு சுழி போட்டுவிட்டாள்; அதை நான் ஞாயிறன்று திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்