டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர்களுக்கு

பவானியின் தறி வீடுகளில் எங்களுக்கு இடம் கொடுத்தவர்களுக்கும், கோயம்புத்தூரில் எங்களைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

நான் கோயம்புத்தூரில் கட்டடக்கலை நான்காம் ஆண்டு பயிலும் மாணவி. பவானியில் ஜமக்காளம் நெய்யும் குடும்பங்கள் வாழும் ஒரு தெருவை வீடு வீடாக அளந்து வரைய வேண்டும், பிறகு தறியும் குடியிருப்பும் ஒரே கூரையின்கீழ் அமையும் புதிய வீடுகளை அதே தெருவுக்கு வடிவமைக்க வேண்டும் என்பது இந்தப் பருவத்தில் எங்கள் ஆறு பேர் குழுவுக்குத் தரப்பட்ட பணி. சென்ற வாரம், நடுவர்கள் எங்கள் படங்களை மதிப்பிடும் இறுதி ஜூரி முடிந்தது. வரைபடங்கள் நன்றாக அமைந்தன. ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசும் நிலையில் அந்த அறையைவிட்டு வெளியே வந்தோம் என்பதே எனக்குப் பெரிய நிறைவு, ஏனென்றால் நடுவில் ஒரு மாத காலம் அப்படி இருக்கவில்லை.

உதவியவர்களிடம் நேரில் நன்றி சொன்னபோது, "இதுக்கெல்லாம் எதுக்குங்க நன்றி" என்றே பலரும் சொன்னார்கள். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. எல்லாம் சேர்ந்து எங்களுக்கு என்ன செய்தது என்பதும் அவர்களில் எவருக்கும் தெரியாது. அது தெரிய வேண்டும் என்பதற்காகவே இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கட்டடக்கலை ஐந்தாண்டுப் படிப்பு. இரவெல்லாம் விழித்திருந்து ஷீட் (வரைபடத் தாள்) முடிப்பது முதலாம் ஆண்டிலேயே பழகிவிடுகிறது. தனியாகச் செய்யும் பணியில் தவறினால், என் கோட்டை நானே அழித்துவிட்டு நானே மறுபடி வரைந்துகொள்ளலாம். குழுப் பணியில் அப்படி முடியாது. அளவு முடிந்தால்தான் தளப்படம் (மேலிருந்து பார்ப்பது போன்ற படம்) வரைய முடியும், தளப்படம் வந்தால்தான் வெட்டுப்படம் (கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் படம்), வெட்டுப்படம் உறுதியானால்தான் மாடலுக்கு அட்டை வெட்ட முடியும். ஒருவர் இரண்டு நாள் தாமதித்தால் அவருக்கு அடுத்தவர் இரண்டு நாள் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்க நேரும். காத்திருப்பவருக்குக் கோபம் வரும். காக்க வைத்தவருக்கு வெட்கம் வரும், அந்த வெட்கத்தில் அவர் தொலைபேசியை எடுக்க மாட்டார், அவர் எடுக்காததைப் பார்த்து இவருக்குக் கோபம் இன்னும் ஏறும். மதிப்பெண்ணோ ஆறு பேருக்கும் பொது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது மாணவர்களின் சிறு சச்சரவாகத் தெரியலாம். உள்ளே இருப்பவருக்கு இரவு பகலாக நெஞ்சில் கிடக்கும் பாரம் அது.

எங்களுக்கு அந்தப் பாரம் 38 சென்டிமீட்டர் என்ற அளவில் வந்தது. தெருவின் ஒரு பக்கத்தில் சுவரோடு சுவராக 14 வீடுகள் உள்ளன. மூன்று பேர் தெருவில் நின்று ஒரு முனையில் அளவு டேப்பின் பூஜ்யத்தை வைத்து, இடையில் எடுக்காமல், ஒவ்வொரு சுவர் விளிம்பும் எந்த எண்ணில் வருகிறது என்று தொடர் அளவாக எழுதினார்கள். மற்ற மூன்று பேர் வீடுகளுக்குள் ஒவ்வோர் அறையையும் ஒவ்வொரு சுவரின் கனத்தையும் தனித்தனியே அளந்து கூட்டினோம். இரண்டையும் ஒரே படத்தில் வைத்தபோது கடைசி வீடு 38 சென்டிமீட்டர் தெருவுக்கு வெளியே போய் நின்றது. தனித்தனியே அளக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரு சென்டிமீட்டர் கூட்டி எழுதினாலே நாற்பது அளவுகளில் 40 சென்டிமீட்டர் சேர்ந்துவிடும் என்பது இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. எந்த முறையில் அளப்பது என்று முதல் நாளே ஆறு பேரும் பேசி முடிவு செய்யாததுதான் தவறு. அன்று அது எங்கள் எவருக்கும் தோன்றவில்லை. எங்கள் வடிவமைப்பு வகுப்பான ஸ்டூடியோவில் எல்லோர் முன்னிலையிலும், உள்ளே அளந்த எங்கள் மூவரில் ஒருவரைப் பார்த்து, "நீ ஒழுங்காக வந்திருந்தால் இது நடந்திருக்காது" என்று நான் சொன்னேன். அதன் பிறகு பத்து நாள் அவர் ஸ்டூடியோவுக்கு வரவில்லை.

அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அந்த நாட்களில் அவர் தந்தை ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். இரவில் தந்தையின் கட்டிலருகே இருந்துவிட்டு, காலையில் பேருந்து ஏறி வந்து எங்களோடு டேப் பிடித்திருக்கிறார். சொன்னால் இரக்கப்பட்டு வேலையைக் குறைத்துவிடுவோம் என்று எங்களிடம் சொல்லவில்லை. நண்பரே, தனிப்பட்ட முறையில் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். எல்லோர் முன்னிலையிலும் சொன்ன சொல்லுக்கு எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்பதே முறை என்பதால் இங்கேயும் கேட்கிறேன். திரும்பி வந்த அன்று, ஒரு வார்த்தையும் திருப்பிச் சொல்லாமல், "எந்த வீட்டிலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டீர்களே, அதற்கு என் முதல் நன்றி.

காந்திபுரத்தில் சேலம் பேருந்து ஏறி, பவானி லட்சுமி நகரில் இறங்கி, அந்தத் தெருவுக்கு மறுபடி போக எனக்குக் கால் எழவே இல்லை. ஒரு முறை அளந்தவர்கள் மறுபடியும் வந்து கதவைத் தட்டினால் என்ன நினைப்பார்கள் என்று கூசியது. தெருவின் ஏழாவது வீட்டில் இருக்கும் அந்த நெசவாளர் ஐயாவும் அவர் மனைவியும் எங்களைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "சாப்புட்டீங்களா கண்ணு?" என்றுதான். தறி ஓட்டத்தை நிறுத்திவிட்டு, அளவு தவறிவிட்டது என்று நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு அந்த ஐயாவே எழுந்து வந்து டேப்பின் மறுமுனையைச் சுவர் மூலையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். முன்கூடமான ஆசாரத்திலிருந்து கொல்லைப்புறப் பொடக்காலி வரைக்கும், அடுத்து பக்கத்து வீட்டுக்கும் அதற்கடுத்த வீட்டுக்கும், அன்று மாலை விளக்கு வைக்கும் நேரம் வரை அவர் கையை எடுக்கவில்லை. பழைய வீடுகளில் மூலைகள் சரியான செங்கோணமாக இருப்பதில்லை என்பதால் ஒவ்வோர் அறைக்கும் இரண்டு மூலைவிட்டங்களும் எடுக்க வேண்டும் என்று நாங்கள் விளக்கியபோது, "பாவு கோணலாப் போனா நாங்களும் அப்படித்தானுங்க பாப்போம்" என்று சொல்லி எங்களுக்கு முன்னால் மறு மூலைக்குப் போய் நின்றார்.

அவர்களுடைய தறி அகலமானது. தரையில் வெட்டிய குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்கிறார்கள். அவர் அந்தப் பக்கத்திலிருந்து, குறுக்கு நூல் சுற்றிய நாடாவைத் தள்ளிவிடுகிறார், அம்மா இந்தப் பக்கத்தில் வாங்குகிறார், இருவரும் ஒரே நேரத்தில் பலகையை இழுத்து அடிக்கிறார்கள். சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டைகள் விழுகின்றன. என் நண்பர், யார் கை வேகம் என்று கேட்டார். ஐயா சொன்ன பதிலை அன்றே குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்: "எங்கை வேகந்தானுங்க அம்மிணி. ஆனா அவ கை எட்டற வேகந்தான் தறிக்கு வேகம். நா முந்துனா துணி ஒரு பக்கம் நெருக்கமா, ஒரு பக்கம் தளர்வாப் போயிருமுங்க." அவர் எங்களுக்கு அறிவுரையாக இதைச் சொல்லவில்லை. எங்களுக்குள் என்ன நடந்தது என்பதே அவருக்குத் தெரியாது. திரும்பும் பேருந்தில், குழுவில் ஒவ்வொருவருக்கும் உண்மையில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று முதன்முறையாக மறைக்காமல் சொல்லிக்கொண்டோம். மிகக் குறைந்த நேரம் உள்ளவர் முடிக்கக்கூடிய நாளை வைத்தே மீதி நாட்களுக்கு அட்டவணை போட்டோம்.

வடிவமைப்பிலும் அவர்களுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். கீழே வீடு, மாடியில் தறி என்று ஒருவரும், இல்லை, இரண்டும் கீழேதான் என்று மற்றொருவரும் இரண்டு வாரம் வாதாடிக் கொண்டிருந்தோம். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு என்பதும், 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ் ஜமக்காளமும் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட வகைகளில் ஒன்று என்பதும் எங்கள் ஷீட்டிலேயே இருந்தன. ஆனால் குழித்தறி என்றால் குழி வேண்டும், குழிக்கு மண் வேண்டும், அந்த மண்ணின் ஈரம்தான் நூல் சட்டென்று அறுந்துபோகாமல் காக்கிறது என்பதை அந்த அம்மா குழியின் பக்கச் சுவரில் என் கையை வைத்துக் காட்டிய பிறகே நாங்கள் உணர்ந்தோம். வெளியில் சித்திரை வெயில், சுவர் குளிர்ந்திருந்தது. வாதம் அங்கேயே முடிந்தது. மாடித் தறியை வரைந்த தோழியே தம் படத்தை எடுத்து வைத்துவிட்டு, தறி அறையைத் தரைத்தளத்தில் தெருப் பக்கமாக வைத்து மறுபடி வரைந்தார். மூன்று இரவு உழைத்த வரைபடத்தை மனம் கோணாமல் விட்டுக்கொடுப்பது எளிதல்ல. அந்தத் தோழிக்கும் என் நன்றி.

எங்கள் ஸ்டூடியோ ஆசிரியை ஒரே ஒரு மாற்றம்தான் செய்தார். ஒவ்வொரு ஷீட்டின் ஓரக் கட்டத்திலும் அளந்தவர், வரைந்தவர், சரிபார்த்தவர் என்று மூன்று பெயர்கள் எழுத வேண்டும், மூன்றும் வெவ்வேறு பெயராக இருக்க வேண்டும் என்றார். கட்டடக் கலைஞர்களின் அலுவலகங்களில் வழக்கமாக உள்ளதுதான் இது. மாணவர்களான எங்களுக்கோ, யார் எதைச் செய்தார்கள் என்பது அதன் பிறகு ஊகமாக இல்லாமல் எழுத்தில் நின்றது. செய்யாதவர் ஒளிய இடமில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும், செய்தவருக்குச் செய்தது நான்தான் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டிய சங்கடமும் தீர்ந்தது. குழுப் பணி வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன், ஏனென்றால் ஒரு கட்டடத்தைத் தனி ஒருவர் கட்டிவிட முடியாது. ஆனால் ஆறு பேருக்கு ஒரே மதிப்பெண் போடுவதற்கு முன், ஆறு பேரும் ஒரே முறையில் அளக்கவும் ஒரே கோப்பில் வேலை செய்யவும் முதல் வாரத்தையே ஒதுக்கிக் கற்றுத்தர வேண்டும் என்று ஆசிரியர்கள் அனைவரையும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் கோப்பு விஷயத்தில் கைகொடுத்தவர், திருப்பூரில் ஓர் அலுவலகத்தில் பணிபுரியும் எங்கள் சீனியர் அக்கா. தளப்படத்தை ஆறு பேரும் ஆறு பிரதிகளாக வைத்துத் திருத்திக்கொண்டிருந்ததைக் கேட்டவுடன், அடிப்படைப் படம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், மற்ற படங்களில் அதை எக்ஸ்-ரெஃப் (வெளிக்கோப்பு இணைப்பு) ஆக இணைத்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வீடியோ அழைப்பில் உட்கார்ந்து எங்கள் லேயர்களின் (படத்தின் அடுக்குகளின்) பெயர்களைக்கூட ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். அவருக்கு வாரத்தில் கிடைக்கும் விடுமுறையே அந்த ஒரு நாள்தான்.

விடுதிக் காப்பாளர் அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நான் மூன்று நாள் இரவுச் சாப்பாட்டுக்கு வராததை அவர்தான் கவனித்தார். அறைக்கு வந்து, எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார். தொலைபேசியில் குழுச் செய்தி வந்த ஒலி கேட்டாலே என் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைத் தாமே அழைத்து என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். மறுமுனையில் இருந்தவர் தமிழில், அவசரப்படுத்தாமல், நான் அழுது முடிக்கும் வரை காத்திருந்தார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. இந்த மடல் அவர் கண்ணில் பட்டால், அன்றிரவு நான் உறங்கினேன் என்பதை அவர் அறிந்துகொள்ளட்டும்.

காந்திபுரத்தில், பெரிய தாள்களில் வரைபடம் அச்சிடும் பிளாட்டர் கடை வைத்திருக்கும் அண்ணன், ஜூரிக்கு முந்தைய இரவு ஒரு மணி வரை எங்களுக்காக ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஏ1 அளவில் 12 ஷீட்டுகள். முதல் ஷீட்டை அனுப்பும் முன், "ஸ்கேல்ல எடுக்கட்டுங்களா, பேப்பருக்கு ஏத்த மாதிரி எடுக்கட்டுங்களா?" என்று கேட்டார். களைப்பில் நாங்கள் தாளுக்கு ஏற்றபடி என்றே குறித்து வைத்திருந்தோம். அவர் கேட்டிராவிட்டால் ஒன்றுக்கு நூறு என்று எழுதிய படங்கள் எந்த அளவுகோலுக்கும் பொருந்தாமல் அச்சாகியிருக்கும், அவ்வளவு பாடுபட்டுத் திருத்திய 38 சென்டிமீட்டரும் வீணாகியிருக்கும்.

மாடலின் அடிப்பலகையைக் கூலி வாங்காமல் அறுத்துத் தந்த ஆசாரி மாமாவுக்கும், காங்கேயத்திலிருந்து பேருந்து நடத்துநரிடம் அரிசிம்பருப்புச் சாதத்தை ஆறு பேருக்கும் போதுமான பெரிய தூக்கில் கொடுத்தனுப்பிய என் அம்மாவுக்கும், அந்தத் தூக்கை இறங்கும் இடம் வரை சிந்தாமல் கொண்டுவந்து கொடுத்த அந்த நடத்துநர் அண்ணனுக்கும் நன்றி.

ஜூரி முடிந்த மறுநாள், ஏழாம் வீட்டின் படத்தைத் தொலைபேசி வழியாக அந்த நெசவாளர் அம்மாவுக்கு அனுப்பினோம். பேரனிடம் படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி, ஒவ்வோர் அறையாகப் பார்த்துவிட்டு, ஆசாரத்துச் சுவரில் விளக்கு மாடம் விடுபட்டிருக்கிறது என்று சொன்னார்கள். ஆமாம் அம்மா, நாங்கள் ஆறு பேருமே அதைக் கவனிக்கத் தவறிவிட்டோம். மாடத்தை வரைந்து சேர்த்துவிட்டோம். அதன் உயரமும் ஆழமும் மட்டும் இன்னும் எடுக்க வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு பேரும் டேப்போடு வருகிறோம்.

நன்றியுடன்,
குழுவின் சார்பில்,
கட்டடக்கலை நான்காம் ஆண்டு மாணவி,
கோயம்புத்தூர்.